பழைய ஜெர்மன் உதாரணம் புதிய காப்புரிமையை உடைக்குமா?

கேள்வி: மணலியில் சிறிய கெமிக்கல் யூனிட் நடத்துகிறேன். பாய்லர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஆகியவற்றை ஆசிட் விட்டுக் கழுவும்போது இரும்பு அரிக்காமல் இருக்கச் சேர்க்கும் இன்ஹிபிட்டர் தயாரிக்கிறோம். செங்குன்றம் அரிசி ஆலைகளும் காசிமேட்டில் படகு எஞ்சின் வேலை பார்க்கும் பட்டறைகளும் எங்கள் வாடிக்கையாளர்கள். 2014 முதல் ஒரே ஃபார்முலாதான்: எடைப்படி ஹெக்சமின் 15, புரோபார்ஜில் ஆல்கஹால் 5, என்.பி. 9.5 சர்பாக்டன்ட் (நோனைல்ஃபீனால் எத்தாக்ஸிலேட் என்ற, சோப்புப் போல வேலை செய்யும் பொருள்) 2, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 3, மீதி 75 தண்ணீர். சில ஆலைகளில் கழுவும் வேலையையும் எங்கள் ஆட்களே செய்கிறார்கள்.

போன வாரம் ஒரு நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவர்களிடம் இந்தியக் காப்புரிமை இருக்கிறதாம். முன்னுரிமைத் தேதி (அதற்கு முன் வெளியானதையே பழையது என்று கணக்கிடும் நாள்) 2017 மார்ச். கிரான்ட் (காப்புரிமை வழங்கிய அறிவிப்பு) வெளியாகி எட்டு மாதம் ஆகிறது. அதில் உரிமை கோரும் வாசகங்களான ஏழு கிளெய்ம்களில் முக்கியமானவை இவை. கிளெய்ம் 1: ஹெக்சமின் 10 முதல் 20, புரோபார்ஜில் ஆல்கஹால் 4 முதல் 8, எச்.எல்.பி. (தண்ணீரோடும் எண்ணெயோடும் ஒட்டும் தன்மையின் அளவு) 12 முதல் 14 உள்ள அயனியல்லாத சர்பாக்டன்ட் 1 முதல் 3 எடை சதவீதம், மற்றும் தண்ணீர் ஆகியவற்றை உள்ளடக்கிய கலவை. கிளெய்ம் 2: அதே கலவையை 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 0.3 சதவீதம் சேர்த்து 60 டிகிரியில் 6 மணி நேரம் வைத்தால் மைல்டு ஸ்டீலின் அரிப்பு வேகம் 60 எம்.பி.ஒய்.க்கு (எம்.பி.ஒய். என்றால் ஆண்டுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழ். கிளெய்ம் 4: புரோபார்ஜில் ஆல்கஹால் 6.0 முதல் 7.0. கிளெய்ம் 7: இந்தக் கலவையை வைத்து 55 முதல் 60 டிகிரியில் பாய்லர் கழுவும் முறை.

தேடியதில் 1980களில் வெளியாகி எப்போதோ காலாவதியான ஒரு ஜெர்மன் காப்புரிமை கிடைத்தது. அதன் 3ஆம் உதாரணம்: ஹெக்சமின் 160 கிராம், புரோபார்ஜில் ஆல்கஹால் 60 மி.லி., 9.5 மோல் நோனைல்ஃபீனால் எத்தாக்ஸிலேட் 20 கிராம், ஐசோபுரோப்பனால் 30 மி.லி., தண்ணீர் விட்டு 1 லிட்டராக்கவும். 25 டிகிரியில் சோதித்திருக்கிறார்கள். விளக்கப் பகுதியில் 20 முதல் 80 டிகிரி வரை பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. இதோடு 2015இல் ஒரு கருத்தரங்கில் கொடுத்த கையேடு ஒன்றும் (‘ஹெக்சமின், ஒரு அசிட்டிலீனிக் ஆல்கஹால், அயனியல்லாத சர்பாக்டன்ட் சேர்ந்த கலவை’), ஹெக்சமின், புரோபார்ஜில் ஆல்கஹால் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லும் பாடநூல் பக்கமும், எங்கள் பழைய பில்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்தால் ஏழு கிளெய்மும் போய்விடும்தானே? அப்படியானால் எதற்கும் பயப்படாமல் தொடரலாமா?

பதில்: கிளெய்ம் 1 விழும் என்றே நினைக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்கிற காரணத்தால் அல்ல. கிளெய்ம் 4 இந்த ஆவணத்தால் விழாது. கிளெய்ம் 7இல்தான் உங்களுக்கு உண்மையான ஆபத்து இருக்கிறது. உங்கள் கடிதமோ அதை ஒரு வரியில் கடந்துவிடுகிறது.

முதலில் ‘எல்லாவற்றையும் சேர்த்தால்’ என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரு கிளெய்மில் புதுமையே இல்லை என்று சொல்ல, அதன் ஒவ்வொரு உறுப்பும் ஒரே ஆவணத்தில், ஒரே கலவையாக, படித்தவர் செய்து பார்க்கக்கூடிய அளவுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். ஜெர்மன் ஆவணத்தில் பாதி, பாடநூலில் பாதி என்று ஒட்டுப் போட முடியாது. ஒட்டுப் போடுவது வேறொரு வாதம்: ‘துறை தெரிந்தவருக்கு இது தானாகத் தோன்றும்’ என்பது. சட்டத்தில் அதற்குத் தனிக் காரணம் உண்டு, அதை நிரூபிக்கும் வழியும் வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் குழப்பி எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் பலவீனமானதைப் பிடித்துக்கொண்டு பலமானதையும் சேர்த்து அடிப்பார்.

அதற்கும் முன்னால் ஒரு சரிபார்ப்பு. நீங்கள் எடுத்து எழுதியிருப்பது கிரான்ட் ஆன கிளெய்ம்களா, விண்ணப்பம் வெளியானபோது இருந்தவையா? பலர் இணையத்தில் கிடைக்கும் முதல் பிரதியை வைத்தே மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். பரிசோதனையின்போது கிளெய்ம்கள் பெரும்பாலும் மாறும். காப்புரிமை அலுவலகத்தின் ‘இன்பாஸ்’ தளத்தில் எண்ணைப் போட்டு, கிரான்ட் ஆன விவரக்குறிப்பு (கண்டுபிடிப்பை விளக்கும் முழு ஆவணம்), முதல் பரிசோதனை அறிக்கை, அதற்கு அவர்கள் கொடுத்த பதில் மூன்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். பரிசோதகர் இதே ஜெர்மன் ஆவணத்தை ஏற்கெனவே காட்டியிருந்தால் உங்கள் வேலை கடினம். அப்போது அவர்கள் ‘எங்கள் கலவை அதிலிருந்து இப்படி மாறுபடுகிறது’ என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்த வாக்குமூலம் கிளெய்மின் எல்லையைச் சுருக்கினால் அதுவே உங்களுக்கு ஆயுதம். புதுப்பிப்புக் கட்டணம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்களா என்பதும் அதே தளத்தில் தெரியும்.

இனி ஜெர்மன் ஆவணம். அது காலாவதியானது என்பதால் அதன் மதிப்பு குறையாது. காலாவதி என்றால் அதன் சொந்தக்காரருக்கு இனி உரிமை இல்லை, அவ்வளவுதான். அது சொன்ன விஷயம் உலகத்துக்குத் தெரிந்ததாகவே இருக்கிறது. ஜெர்மனியில் வெளியானதும் தடையில்லை. நம் 1970ஆம் ஆண்டுச் சட்டம் ‘இந்தியாவிலோ வேறெங்கோ’ வெளியான ஆவணம் என்றுதான் சொல்கிறது. பார்க்க வேண்டியது அது வெளியான தேதி 2017 மார்ச்சுக்கு முந்தியதா என்பது மட்டும். அதில் இங்கே சந்தேகமில்லை.

மொழிபெயர்ப்பில் கவனம் தேவை. நீங்கள் கணினி மொழிபெயர்ப்பை நம்பியிருப்பதாகத் தெரிகிறது. ஜெர்மனில் தசமப் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள்: ‘1,5’ என்றால் ஒன்றரை. ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி போடுவார்கள்: ‘1.000’ என்றால் ஆயிரம். எழுத்துணரி மென்பொருள் பழைய தட்டச்சுப் பக்கங்களில் கமாவைத் தவறவிடுவது சகஜம். 3ஆம் உதாரணத்தின் மூலப் பக்கத்தைக் கண்ணால் பாருங்கள். ‘எடைப் பங்கு’ என்று இருக்கிறதா, ‘கன அளவுப் பங்கு’ என்று இருக்கிறதா என்பதை ஜெர்மன் தெரிந்த ஒருவரிடம் உறுதிசெய்யுங்கள். தாக்கல் செய்யும்போது சரிபார்த்த மொழிபெயர்ப்பு எப்படியும் தேவை.

எண்கள் நீங்கள் எழுதியபடியே இருந்தால், கிளெய்ம் 1ஐத் துண்டு துண்டாக உடைத்து ஒரு பக்கமும், 3ஆம் உதாரணத்தை மறுபக்கமும் வைத்துப் பார்ப்போம். இந்தத் தொழிலில் இதைக் கிளெய்ம் சார்ட் என்போம். சார்ட்டில் ‘ஆவணம் முழுவதும் பார்க்க’ என்று எழுதக் கூடாது. ஒவ்வொரு உறுப்புக்கும் பக்க எண்ணும் வரி எண்ணும் வேண்டும்.

ஹெக்சமின்: உதாரணம் சொல்வது லிட்டருக்கு 160 கிராம், கிளெய்ம் சொல்வது எடை சதவீதம். இரண்டும் ஒன்றல்ல. அந்த ஒரு லிட்டர் கலவை எத்தனை கிராம் எடை இருக்கிறது என்று தெரிந்தால்தான் சதவீதம் வரும். லிட்டர் 1000 கிராம் என்றால் 16 சதவீதம், 1050 கிராம் என்றால் 15.2. எப்படிப் பார்த்தாலும் 10க்கும் 20க்கும் நடுவில்தான் விழுகிறது. சர்பாக்டன்ட் 20 கிராம் என்றால் 2 சதவீதத்தை ஒட்டி. அதுவும் 1க்கும் 3க்கும் இடையில். புரோபார்ஜில் ஆல்கஹால் 60 மி.லி. அதன் அடர்த்தி சுமார் 0.96, ஆகவே எடை 57.6 கிராம். சதவீதம் ஐந்தரையை ஒட்டியோ சற்று மேலோ, ஆறுக்குக் கீழ். 4 முதல் 8க்குள் வந்துவிடுகிறது.

ஒரு வீச்சைக் கோரும் கிளெய்மில், அந்த வீச்சுக்குள் ஒரே ஒரு பழைய புள்ளி இருந்தாலும் முழு வீச்சும் புதுமை இழக்கும். அமெரிக்காவில் 1985இல் ஒரு டைட்டேனியம் உலோகக்கலவை வழக்கில், ரஷ்யக் கட்டுரை ஒன்றின் வரைபடத்தில் இருந்த ஒரு புள்ளியே கிளெய்மை வீழ்த்தியது. வீச்சு எவ்வளவு அகலம் என்பது அங்கே பார்க்கப்படவில்லை. புள்ளி உள்ளே இருந்தது போதுமானது.

எச்.எல்.பி. 12 முதல் 14 என்பதைப் பார்த்து நீங்கள் தயங்கியிருக்கலாம், ஏனென்றால் ஜெர்மன் ஆவணத்தில் அந்த வார்த்தையே இல்லை. இருக்கத் தேவையில்லை. எச்.எல்.பி. அந்த மூலக்கூறோடு கூடப் பிறந்த குணம். எத்தாக்ஸிலேட்டுகளுக்கு அதைக் கணக்கிடுவது எளிது: எத்திலீன் ஆக்சைடு பகுதியின் எடை சதவீதத்தை 5ஆல் வகுக்க வேண்டும். மூலக்கூறு எடைப்படி நோனைல்ஃபீனால் 220, எத்திலீன் ஆக்சைடு 44ஐ 9.5ஆல் பெருக்கினால் 418, மொத்தம் 638. 418ஐ 638ஆல் வகுத்தால் 65.5 சதவீதம். அதை 5ஆல் வகுத்தால் 13.1. 9.5 மோல் பொருள் வாங்கிப் போட்டவர் எச்.எல்.பி. 13 உள்ள பொருளைத்தான் போட்டார், தெரிந்தோ தெரியாமலோ. பழைய பொருளுக்குப் புதிய அளவுகோல் ஒன்றைக் கண்டுபிடித்து ஒட்டுவதால் பொருள் புதிதாகாது. இந்தக் கணக்கை சார்ட்டிலேயே எழுதிவிடுங்கள். துறை தெரிந்த ஒருவர் உறுதிமொழிப் பத்திரத்தில் அதை ஏற்றுச் சொன்னால் இன்னும் நல்லது.

ஐசோபுரோப்பனால் கூடுதலாக இருக்கிறதே என்றால், கிளெய்ம் ‘உள்ளடக்கிய’ என்றுதானே சொல்கிறது. நான்கும் இருந்தால் போதும், ஐந்தாவது இருந்தாலும் கிளெய்முக்குள்தான். ‘இவை மட்டுமே கொண்ட’ என்று இருந்திருந்தால் கதை வேறு. இந்த ஒரு சொல் பல வழக்குகளின் முடிவை மாற்றியிருக்கிறது, ஆகவே ஆங்கில மூலத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். ‘மீதி தண்ணீர்’ என்று முடிந்தால் எதிர்த்தரப்பு அதையே ‘மட்டும்’ என்று வாசிக்க முயலும். அப்போது விவரக்குறிப்பின் உதாரணங்களில் அவர்களே கரைப்பான் ஏதேனும் சேர்த்திருக்கிறார்களா என்று தேடுங்கள். சேர்த்திருந்தால் அந்த வாசிப்பு நிற்காது.

இவ்வளவும் ஒரே உதாரணத்தில், செய்து சோதித்த கலவையாக இருக்கிறது. ஆகவே கிளெய்ம் 1 புதிதல்ல.

கிளெய்ம் 4க்கு வாருங்கள். ‘60 மி.லி., அதாவது 6 சதவீதம், அதனால் 4உம் போச்சு’ என்பதுதான் உங்கள் கணக்காக இருக்க வேண்டும். 60 மி.லி. என்பது 57.6 கிராம். அது 6.0 எடை சதவீதமாக வேண்டுமென்றால் ஒரு லிட்டர் கலவை 960 கிராம்தான் எடை இருக்க வேண்டும். 160 கிராம் ஹெக்சமின் கரைந்த தண்ணீர் அவ்வளவு லேசாக இருக்காது. உங்கள் லேபில் ஒரு லிட்டர் தயார் செய்து, வால்யூமெட்ரிக் ஃபிளாஸ்கில் குறி வரை நிரப்பி எடை போட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 1000 கிராம் என்றே வைத்தாலும் 5.76தான்.

அதை 6 என்று முழு எண்ணாக்கிப் பார்க்கக் கூடாதா? இங்கே ‘6.0’ என்ற அந்தப் புள்ளி பூஜ்யம் முக்கியம். கிளெய்மில் வெறும் ‘6’ என்று இருந்திருந்தால் அருகிலுள்ள முழு எண்ணாக்கிப் படிக்க வேண்டும் என்று வாதாடலாம். இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் ஒரு காயக்கட்டு வழக்கில், 1 முதல் 25 சதவீதம் என்ற வீச்சை அப்படித்தான் படித்தது: 0.5இலிருந்தே தொடங்கும் என்று. 6.0 என்று எழுதியவர் ஒரு தசமம் வரை துல்லியம் காட்டியிருக்கிறார். 5.76ஐ ஒரு தசமத்துக்குத் திருத்தினால் 5.8 ஆகும், 6.0 ஆகாது.

இதில் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. உங்கள் கலவையில் புரோபார்ஜில் ஆல்கஹால் 5 சதவீதம். கிளெய்ம் 4 உங்களைத் தொடவே இல்லை. அதை உடைக்கப் பணம் செலவழிக்காதீர்கள். கிளெய்ம் 1 ஆட்டம் கண்டால் அவர்கள் செய்யக்கூடியது, திருத்தம் கேட்டு 1ஐ 4ஆகச் சுருக்குவதுதான். சட்டம் அப்படிச் சுருக்க அனுமதிக்கும், விரிக்க அனுமதிக்காது. சுருக்கினால் நீங்கள் வெளியே வந்துவிடுவீர்கள். ஆனால் ஒன்று: ஆலைக்காரர் ‘இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்காகக் கொடுங்க’ என்று கேட்டார் என்று 5ஐ 6 ஆக்கிவிடாதீர்கள். ஷாப் ஃபுளோரில் மி.லி.யும் கிராமும் கலந்து அளக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். பேட்ச் கார்டில் (ஒவ்வொரு தயாரிப்புக்கும் எழுதும் அளவுத் தாள்) எடை மட்டும் இருக்கட்டும்.

கிளெய்ம் 2 ஒரு சோதனை முடிவைக் கோருகிறது. ஜெர்மன் ஆவணம் 25 டிகிரியில் மட்டும் சோதித்திருப்பதால் 60 டிகிரி முடிவு அதில் இல்லை. இருந்தாலும் அதே கலவையைச் செய்து அதே நிலையில் வைத்தால் ஒவ்வொரு முறையும் 60க்குக் கீழ் வருகிறது என்று காட்டினால், அந்தக் குணம் பழைய கலவையிலேயே இருந்தது என்றாகும். ‘ஒவ்வொரு முறையும்’ என்பதை அடிக்கோடிடுங்கள். சில சமயம் வருகிறது, சில சமயம் வரவில்லை என்றால் வாதம் போய்விடும்.

சோதனையை உங்கள் லேபில் செய்து பார்த்துவிட்டு, பிறகு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள வெளி ஆய்வகத்தில் செய்யுங்கள். வழக்கில் நிற்கப்போவது வெளி அறிக்கைதான். 3 அங்குலத்துக்கு அரை அங்குலம், பதினாறில் ஒரு பங்கு அங்குலத் தடிப்பு உள்ள கூப்பன் (சோதனைக்கான தகட்டுத் துண்டு) என்றால் மொத்தப் பரப்பு சுமார் 3.4 சதுர அங்குலம், அதாவது 22 சதுர செ.மீ. ஏ.எஸ்.டி.எம். ஜி31 என்ற அரிப்புச் சோதனைத் தர முறைப்படி சதுர செ.மீ.க்குக் குறைந்தது 20 மி.லி. கரைசல் வேண்டும், ஆகக் கூப்பனுக்கு 440 மி.லி. 250 மி.லி. பீக்கரில் இரண்டு கூப்பனைத் தொங்கவிடுவதுதான் வழக்கமான தவறு. அமிலம் சீக்கிரம் தீரும், இரும்பு உப்பு சேரும், எண் தப்பாக வரும்.

எம்.பி.ஒய். கணக்கு: எடை இழப்பை மில்லிகிராமில் எடுத்து 534ஆல் பெருக்கி, அதை இரும்பின் அடர்த்தி 7.86, பரப்பு 3.4, நேரம் 6 மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். அந்தப் பெருக்கல் 160. எடை இழப்பு 15 மி.கி. என்றால் 50 எம்.பி.ஒய்.; 18 என்றால் 60; 20 என்றால் 67. ஆக உங்கள் வெற்றி தோல்வி முழுக்க இரண்டு மூன்று மில்லிகிராமில் தொங்குகிறது. கழுவியபின் கூப்பனை உலர்த்தாமல் எடை போட்டாலோ, துருவைச் சுரண்டும்போது உலோகத்தையும் சேர்த்துச் சுரண்டினாலோ முடிவு தலைகீழாகும். நான்கு தசமத் தராசு, ஒரே தகட்டிலிருந்து வெட்டிய கூப்பன்கள், ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது மூன்று, இன்ஹிபிட்டர் இல்லாத வெற்றுச் சோதனை ஒன்று, வாட்டர் பாத்தில் 60 டிகிரி ஏறி இறங்காத பதிவு, இவ்வளவும் வேண்டும். வேலை முழுவதும் ஃபியூம் ஹுட்டில்தான். புரோபார்ஜில் ஆல்கஹால் தோல் வழியாகவே உடலில் ஏறும் விஷம். ஹெக்சமின் அமிலத்தில் உடைந்து ஃபார்மால்டிஹைடு விடும். கலவையை ஜெர்மன் உதாரணம் சொல்கிறபடியே செய்யுங்கள். உங்கள் 15-5-2 ஃபார்முலாவைச் சோதித்துவிட்டு ‘கிட்டத்தட்ட அதேதான்’ என்றால் ஏற்க மாட்டார்கள். அரிப்பு வேகம் எந்த முறையில் அளக்கப்பட்டது என்று அவர்கள் விவரக்குறிப்பில் எழுதியிருக்கும். அதிலிருந்து ஒரு படியும் விலகக் கூடாது.

கருத்தரங்குக் கையேட்டை இரண்டாம் வரிசையில் வையுங்கள். ‘ஒரு அசிட்டிலீனிக் ஆல்கஹால்’ என்பது குடும்பப் பெயர்; புரோபார்ஜில் ஆல்கஹால் அதில் ஒரு பிள்ளை. பிள்ளையைச் சொன்ன பழைய ஆவணம் குடும்பத்தைக் கோரும் கிளெய்மை உடைக்கும். குடும்பத்தை மட்டும் சொன்ன ஆவணம் பிள்ளையைக் கோரும் கிளெய்மைத் தானாக உடைக்காது. கையேட்டில் அளவுகளும் இல்லை. ஆனால் மூன்றையும் சேர்க்கும் யோசனை 2015இலேயே பேசப்பட்டது என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆகவே அதன் இடம் ‘தானாகத் தோன்றும்’ என்ற வாதத்தில், பாடநூல் பக்கத்துக்குப் பக்கத்தில். கையேடு யாரிடம், என்று கொடுக்கப்பட்டது என்பதற்கு அமைப்பாளரின் கடிதமோ பங்கேற்றவரின் உறுதிமொழியோ வாங்கி வையுங்கள். தேதியில்லாத தாள் வெறும் தாள்தான்.

இப்போது கிளெய்ம் 7. 20 முதல் 80 டிகிரிக்குள் 55 முதல் 60 அடங்கிவிடுகிறதே என்று தோன்றும். அகலமான பழைய வீச்சு, அதற்குள் இருக்கும் குறுகிய வீச்சைத் தானாகவே வெளிப்படுத்திவிடுவதில்லை. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் பார்த்த ஒரு ஃபுளோரின் சேர்ம வழக்கில், பழைய ஜப்பானிய ஆவணம் 100 முதல் 500 டிகிரி என்றது, கிளெய்ம் 330 முதல் 450 என்றது. அந்த அகலத்தில் இந்தக் குறுகல் குறிப்பாகச் சொல்லப்படவில்லை, ஆகவே புதுமை போகவில்லை என்று தீர்ப்பு. அயல்நாட்டுத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைப்பது இந்த மாதிரித் தீர்ப்புகளைத்தான். உங்கள் ஆவணத்தின் ஒரே செயல்முறை உதாரணம் 25 டிகிரியில் இருக்கிறது. ஆகவே கிளெய்ம் 7க்கு எதிராக ஜெர்மன் ஆவணத்தைப் புதுமைக் குறையாக வைக்க வேண்டாம். ‘தானாகத் தோன்றும்’ என்று வையுங்கள். ஆசிட் கிளீனிங்கில் அந்த வெப்பநிலை ஊரறிந்தது, அதைக் காட்டப் பழைய கையேடுகள் கிடைக்கும்.

இங்கேதான் உங்கள் சொந்தத் தாள்கள் எதையும்விடப் பெரிய பலமாகலாம். 2014 முதல் ஆலைகளில் உங்கள் ஆட்களே கழுவியிருக்கிறார்கள் என்கிறீர்கள். ஜாப் ஷீட்டில் (அன்றன்றைய வேலைக் குறிப்புத் தாள்) அமில அளவு, இன்ஹிபிட்டர் அளவு, வெப்பநிலை, நேரம் எழுதி ஆலை ஃபோர்மன் கையெழுத்துப் போட்டிருந்தால், 2017 மார்ச்சுக்கு முன் இந்தியாவில் வெளிப்படையாக நடந்த பயன்பாட்டுக்கு அதைவிட நேரடியான சாட்சி கிடையாது. அதில் 57 டிகிரி என்று ஒரு தாள் இருந்தால் போதும், கிளெய்ம் 7க்குள் விழும் ஒரு புள்ளி அது.

வெறும் பில் போதாது. இந்த வட்டாரத்துப் பில்களில் ‘கிளீனிங் கெமிக்கல் 50 கிலோ’ என்றுதான் இருக்கும். 2017 ஜூலைக்கு முந்தியவை என்பதால் ஜி.எஸ்.டி. தளத்திலும் தேட முடியாது. வாட் பில், அந்த ஆண்டு ரிட்டர்ன், டெலிவரி சலான் என்று கையில் இருப்பதைத்தான் சேர்க்க வேண்டும். பில்லிலிருந்து பேட்ச் எண்ணுக்கு, பேட்ச் எண்ணிலிருந்து பேட்ச் கார்டுக்கு, கார்டிலிருந்து அன்று ஹெக்சமினும் புரோபார்ஜில் ஆல்கஹாலும் வாங்கிய பில்லுக்கு என்று சங்கிலி அறுபடாமல் போக வேண்டும். பேட்ச் கார்டு உங்கள் அலமாரிக்குள் இருந்தது, வெளியுலகம் பார்க்கவில்லை என்பார்கள். விற்ற டிரம் வெளியுலகத்தில் இருந்தது, வாங்கியவர் எந்த ரகசிய ஒப்பந்தமும் போடவில்லை, விரும்பினால் பகுப்பாய்வு செய்திருக்கலாம் என்பது உங்கள் பதில். வாடிக்கையாளருக்குக் கொடுத்த எம்.எஸ்.டி.எஸ். (பொருளின் பாதுகாப்புத் தகவல்) தாளையும் தேடுங்கள். அதில் ‘புரோபார்ஜில் ஆல்கஹால் 1 முதல் 10 சதவீதம்’ என்று வீச்சாகத்தான் இருக்கும், சர்பாக்டன்ட் இல்லாமலும் போகலாம்; தனியாகக் கிளெய்மை உடைக்காது, சங்கிலியை இறுக்கும். பழைய ரிடெயின் சாம்பிள் (அன்றே எடுத்து வைத்த மாதிரி) இருந்தால் உடைக்காமல் வையுங்கள். ஆனால் பத்து வருடம் பிளாஸ்டிக் பாட்டிலில் கிடந்த மாதிரி அன்றைய கலவையை அப்படியே காட்டும் என்று நம்பி வழக்கைக் கட்டாதீர்கள்.

எதையும் இப்போது ‘சரி’ செய்யாதீர்கள். மங்கிய ஜாப் ஷீட்டின் மேல் பேனா ஓட்டினால்கூட முழுக் கட்டும் சந்தேகத்துக்கு ஆளாகும். ஸ்கேன் செய்து, மூலத்தை உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். முன்பே பயன்படுத்தியவர் என்பதால் மட்டும் தொடர்ந்து செய்ய நம் சட்டம் தனி உரிமை தருவதில்லை. உங்கள் பழைய பயன்பாடு காப்புரிமையை உடைக்கும் சாட்சியாகத்தான் உதவும், தனி அனுமதிச் சீட்டாக அல்ல. ஆகவே அதை நிரூபிக்கும் தரம் மிக உயர்வாக இருக்க வேண்டும்.

எந்த வழியில் போவது? கிரான்ட் வெளியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் படிவம் 7இல் எதிர்ப்பு தாக்கல் செய்யலாம். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. இந்தக் கெடு நீட்டிக்கப்படுவதில்லை. நோட்டீஸ் வந்திருப்பதால் ‘அக்கறையுள்ளவர்’ என்று காட்டுவதில் சிரமமில்லை. எந்த அலுவலகம் கிரான்ட் கொடுத்ததோ அங்கேதான் தாக்கல். கிண்டி அலுவலகமா இல்லையா என்று காப்புரிமைப் பதிவில் பாருங்கள். இன்னொரு வழி, ரத்துக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனு. அவர்கள் உங்கள் மேல் வழக்குப் போட்டால் எதிர்க்கோரிக்கையாகவும் ரத்துக் கேட்கலாம். எல்லா வழியிலும் ஒரே நேரத்தில் போக முடியாது. கிரான்ட்டுக்குப் பிந்தைய எதிர்ப்பைத் தேர்ந்தவர் பிறகு ரத்து மனுவுக்குப் போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் அலோயிஸ் வோபன் வழக்கில் சொல்லிவிட்டது. எதிர்ப்பு செலவு குறைவு. ஆனால் அதில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது அரிது. உங்கள் பலம் ஜெர்மன் உதாரணம் என்ற தாள்தான் என்பதால் எதிர்ப்பே பொருந்தும் என்பது என் கருத்து. ஃபோர்மன்கள் கூண்டேறிச் சொல்ல வேண்டிய அளவுக்கு ஜாப் ஷீட்டுகள் முக்கியமாகிவிட்டால் நீதிமன்றம். எது என்று ஜாப் ஷீட் கட்டைப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். அதற்கு முன் படிவம் 7இல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நோட்டீஸுக்குப் பதில் சுருக்கமாக இருக்கட்டும். உங்கள் ஃபார்முலாவை எழுத வேண்டாம், ‘2014இலிருந்து இதே கலவைதான்’ என்றும் எழுத வேண்டாம். தாள்கள் சேரும் முன் அப்படி ஒப்புக்கொண்டால், கலவை கிளெய்ம் 1க்குள் வருகிறது என்பது மட்டும் மிஞ்சும். குற்றச்சாட்டை மறுக்கிறோம், காப்புரிமையின் செல்லுபடியை ஏற்கவில்லை, எல்லா உரிமையும் எங்களுக்கு உண்டு என்ற மூன்று வரி போதும், உங்கள் வழக்கறிஞர் கையெழுத்தில். ஜெர்மன் ஆவணத்தை இப்போதே காட்டினால் அவர்கள் திருத்தத்தை யோசிக்க நேரம் கொடுக்கிறீர்கள். கிளெய்ம் 4க்குள் சுருங்கினால் உங்களுக்கு நல்லதுதான் என்றாலும், வெப்பநிலை கிளெய்மை அவர்கள் எப்படிச் செதுக்குவார்கள் என்பது நம் கையில் இல்லை.

அதுவரை டிரம் விற்பனையைத் தொடரலாம் என்பது என் கணிப்பு. ஆனால் உங்கள் ஆட்கள் ஆலைக்குப் போய் 55க்கும் 60க்கும் இடையில் கழுவுவதை, பழைய ஜாப் ஷீட்டுகளைப் பார்த்து முடிக்கும் வரை நிறுத்தி வையுங்கள். வெப்பநிலையைக் குறைத்துச் செய்ய முடியும் என்றால், அமில வலிமையையும் நேரத்தையும் அதற்கேற்ப உங்கள் கெமிஸ்ட் முடிவு செய்து, அந்த எண்களையே புதிய ஜாப் ஷீட்டில் தேதியோடு எழுதட்டும்.

அடுத்த கடிதத்தில் மூன்றை அனுப்புங்கள்: கிரான்ட் ஆன கிளெய்ம்களின் ஆங்கிலப் பிரதி, 3ஆம் உதாரணத்தின் ஜெர்மன் மூலப் பக்கம், 2017 மார்ச்சுக்கு முந்திய ஜாப் ஷீட்டுகளில் வெப்பநிலை எழுதியுள்ளவை. லிட்டரை எடை போட்ட எண்ணும் இருந்தால் சேர்த்து எழுதுங்கள்.